முகநூலில் கிடைத்த அண்ணன்

சுங்கை பட்டாணியில் நம் குழந்தைப்பேறு கிளினிக்கில் நான் நர்ஸாக உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இப்போது இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒருத்தி பார்த்த வேலைக்கு இரண்டு பேர். நான் எவ்வளவு வேலை பார்த்தேன் என்று இப்போதாவது அவர்களுக்குத் தெரிந்ததே, சந்தோஷம். டாக்டர் போன் செய்து, "மிஸ்ஸி, புதுப் பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்களேன்" என்றார். ஊசி, மருந்து, நாள் பார்ப்பது எல்லாம் அவரே உங்களுக்குச் சொல்லித் தருவார். நான் எழுதுவது உங்கள் மேசைக்கு எதிரே வந்து உட்காரப்போகும் ஆண்களைப் பற்றி.

கணவர்களைப் பற்றி இல்லை. கணவர்களுக்குப் பதிலாக வருகிறவர்களைப் பற்றி.

கணவனிடம் உயிரணு அறவே இல்லை என்று ரிசல்ட் வந்த பிறகு, அந்தப் பெண்ணும் அவனும் வீட்டுக்குப் போய்ச் சில நாள் பேசாமல் இருப்பார்கள். அப்புறம் ஒருநாள் திரும்பி வந்து, "வேற யாராச்சும் குடுத்தா ஆகுமா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார்கள். ஆகும். ஆனால் நம் ஆட்களுக்குப் பிள்ளை நம் நிறத்தில், நம் ஜாடையில் இருக்க வேண்டும். தமிழ் ஆண்களில் முறையாகக் கொடுக்க முன்வருகிறவர்கள் அபூர்வம். அதனால் அவர்கள் போனைத் திறந்து தேட ஆரம்பிப்பார்கள். முகநூலில் குழுக்கள் இருக்கின்றன. டெலிகிராமில் இருக்கின்றன. "உதவி செய்யத் தயார்" என்று ஆண்கள் தாங்களாகவே எழுதிப் போட்டிருப்பார்கள். அதில் ஒருவரைப் பிடித்து நம்மிடம் கூட்டிக்கொண்டு வருவார்கள். நம்மிடம் வராமலே வீட்டிலேயே ஏதோ செய்து முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அங்கே ரத்தம் பார்த்து நோய் இல்லை என்று சொல்ல யாரும் கிடையாது.

அப்படிக் கூட்டிவரப்பட்ட ஆளிடம், டாக்டர் பார்ப்பதற்கு முன், தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். கடைசி சில வருடங்கள் அதுதான் என் முக்கியமான வேலை. இனி உங்களுடையது.

முதன்முதலில் வந்தவர் ஜிம்மில் சட்டை இல்லாமல் எடுத்த படங்களையும் பள்ளிச் சான்றிதழ்களையும் ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஜாதகம் ஒன்றுதான் குறை. ஜோகூரில் ஒன்று, ஈப்போவில் ஒன்று என்று தனக்கு ஏற்கெனவே பிறந்தவற்றைச் சொல்லிக்கொண்டே போனார். "அதுங்க பேரு என்னா?" என்று கேட்டேன். ஒரு பெயரும் தெரியவில்லை. அவருக்கு எண்ணிக்கை வேண்டியிருந்தது, பிள்ளை வேண்டியிருக்கவில்லை. டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் வீண் செலவு மிஸ்ஸி, இயற்கை முறையில பண்ணாத்தான் நல்லா பிடிக்கும்" என்றார். "அப்படியா? ஒங்க வீட்டுக்காரம்மா நம்பரக் குடுங்க, அவுங்களுக்கும் இதுல சம்மதமான்னு ஒரு வார்த்த கேட்டுக்கறேன்" என்றேன். போன வேகத்தில் மோட்டார் ஹெல்மெட்டை விட்டுவிட்டுப் போனார். அதை வாங்கக்கூட ஆள் வரவில்லை. இந்த வகை ஆட்கள் குழுவில் எழுதுவது குறைவு. பெண்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்புவார்கள். வருகிற பெண்ணிடம் அந்தச் செய்திகளை ஒரு தடவை கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள், வெட்கப்படாதீர்கள்.

எல்லோரும் அப்படி இல்லை. ஒரு டெக்னீஷியன் வந்தார். தவறாமல் ரத்ததானம் செய்கிறவர். இதுவும் அது மாதிரிதானே என்று நினைத்துக்கொண்டிருந்தார். பேசப் பேச, அவருடைய அக்கா பிள்ளையில்லாமல் மாமியார் வீட்டில் பட்ட பாடு வெளியே வந்தது. அக்காவுக்குச் செய்ய முடியாததை யாரோ ஒரு பெண்ணுக்குச் செய்ய வந்திருந்தார். வேறொருவருக்குக் கல்யாணமாகிப் பிள்ளையில்லை. குறை தன்னிடமா மனைவியிடமா என்று தெரிந்துகொள்ள, வீட்டுக்குத் தெரியாமல் இந்த வழியாக வந்திருந்தார். அவரை உட்காரவைத்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரமே வந்தார்கள்.

ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: உதவி. அது பொய்யில்லை. ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று இருக்கும். பெரும்பாலும் ஆளுக்கே தெரியாது. அதனால் ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டேன். "புள்ள பொறந்த மறுநா காலையில நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் முழிப்பார்கள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள், வேண்டியது அதில் வந்துவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். நாங்கள் படித்த புத்தகத்தில் கொடுப்பவர், பெறுபவர் என்று இரண்டே பேர். நம் பெண்களுக்கு அப்படி வராது. முகம் தெரியாத ஆணுக்கு நம் பெண் எழுதும் முதல் செய்தியே, "அண்ணே வணக்கம், நீங்க போட்டத பாத்தேன்" என்றுதான் இருக்கும். அண்ணே என்று முறை வைத்துவிட்டால் அவளுக்குப் பயம் போய்விடுகிறது, அவனுக்கும் வாய் அடக்கம் வந்துவிடுகிறது. நம் மேசைக்கு வந்து சேரும்போது அவர்கள் ஏற்கெனவே அண்ணன் தங்கச்சி ஆகியிருப்பார்கள். இது எவ்வளவு நல்ல வழக்கம் என்று நான் பல நாள் நினைத்ததுண்டு. குணா விஷயத்தில்தான் அதன் மறுபக்கத்தைப் பார்த்தேன்.

பாடாங் செராயிலிருந்து ஒரு ஜோடி வந்தது. அமுதா, முரளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் கூலிம் பக்கம் ஃபேக்டரி வேலை. முரளிக்குச் சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, அதிலேயே எல்லாம் போய்விட்டது. அழுதான், தேறினான், அமுதாவுக்காகச் சரி என்றான். அமுதாதான் முகநூலில் தேடி ஆளைக் கண்டுபிடித்தாள். அவள் அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை, கூடப் பிறந்தவர் யாரும் இல்லை.

அவள் கண்டுபிடித்தவர்தான் குணா. கரங்கான் ஊர் ஆள், எண்ணெய் ஆட்டும் செம்பனைப் பழத்தை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். நாற்பதைத் தாண்டியிருந்தார். கல்யாணமாகவில்லை. தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்து, அப்பாவையும் அம்மாவையும் மாற்றி மாற்றி டயாலிசிஸுக்குத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பெண் பார்க்க வீட்டில் யாரும் மிச்சமில்லை. படத்தையும் போடாமல், தன்னைப் பற்றி ரொம்பவும் பேசாமல், 'எனக்குக் கெட்ட பழக்கம் இல்லை. பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு உதவ முடிந்தால் சந்தோஷம்' என்று மட்டும் எழுதியிருந்தாராம். அமுதாவுக்கு அதுதான் பிடித்தது.

என் எதிரே வந்து உட்கார்ந்தார். நெடுநெடுவென்று உயரம், இரண்டு காதும் முன்பக்கம் விடைத்து நிற்கும். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். மறுநாள் காலையில் எங்கே இருப்பீர்கள்?

"லோரி ஓட்டிக்கிட்டு இருப்பேன் மிஸ்ஸி" என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். "ஒங்ககிட்ட பொய் சொல்லக்கூடாது. ஒரே ஒரு வாட்டி தூக்கிப் பாக்கணும்னு ஆசையா இருக்கு. கையில வாங்கிப் பாத்துட்டு குடுத்துட்டுப் போயிருவேன். வேற ஒன்னுமே வேணாம்."

எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இதை வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஜோடியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அமுதா உடனே சரி என்கிற மாதிரி முரளியைப் பார்த்தாள். முரளியின் முகம் வெளுத்துவிட்டது. "மிஸ்ஸி, அது மட்டும் வேணாம். போட்டோகூட வேணாம். நான் கெட்டவன் இல்ல. என்னால முடியாது" என்றான். அதையும் குணாவிடம் போய்ச் சொன்னேன். 

"தாப்பா லா, பரவாயில்ல. அவுங்க புள்ள. அவுங்க சொல்றதுதான சரி" என்றார். கொடுக்கவும் கொடுத்தார்.

புத்தகப்படி பார்த்தால் இவரை நான் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆசை இருக்கிற ஆள் பிற்பாடு வந்து நிற்பான் என்று எழுதியிருக்கிறது. நான் அனுப்பவில்லை. எனக்கு எதுவும் வேண்டாம் என்று சட்டென்று சொல்கிறவர்களை விட, இது வேண்டும் என்று சொல்லி, கிடையாது என்றதும் பேரம் பேசாமல் எழுந்தவரை நான் நம்பினேன். உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு ஆள் வருவார். அப்போது டாக்டரும் உதவ மாட்டார், புத்தகமும் உதவாது.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ரத்தம் பார்த்தார்கள், கொடுத்ததை உறையவைத்தார்கள், திரும்பவும் ரத்தம் பார்த்தார்கள், காத்திருந்தார்கள். அமுதாவுக்குத் தங்கியது. மாதம் முடிந்து பிள்ளை பிறந்த சமயத்தில் குணா எனக்கு ஒரு தடவை போன் செய்தார். "ஒன்னும் கேக்கல மிஸ்ஸி. நல்லபடியா ஆயிருச்சான்னு மட்டும்" என்றார். "ரெண்டு பேரும் சுகம்" என்றேன். ஆணா பெண்ணா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு சொல்லியிருக்கலாமோ என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லக்கூடாது என்பதுதான் சரி. அடித்துக்கொண்டதும் நிஜம்.

பிள்ளைக்கு ஒரு வயது நெருங்கும் சமயம். ஒருநாள் காலையில் கதவைத் திறந்ததும் முதல் ஆளாகக் குணா நிற்கிறார். கையில் ஜவுளிக்கடைப் பை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"மிஸ்ஸி, அமுதா போன் பண்ணுச்சு. பொம்பளப் புள்ளையாம்லா!"

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்லி முடித்தார். ஞாயிற்றுக்கிழமை பாடாங் செராய்க் கோயிலில் மொட்டையடித்துக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அமுதாவுக்குக் கூடப் பிறந்தவர் கிடையாது. முறைக்கு அண்ணன் என்று செர்டாங்கில் பெரியப்பா மகன் ஒருவர் இருக்கிறார், கல்யாணத்தில் சரியாக அழைக்கவில்லை என்று அன்றிலிருந்து பேச்சில்லை. மாமன் மடிக்கு யார், யார் என்று முரளியின் அம்மா தினமும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அமுதாவுக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. அண்ணே என்று கூப்பிட்ட மனிதர் ஒருவர் இருக்கிறாரே. கூட வேலை செய்தவர், உடன்பிறவா அண்ணன் என்று சொன்னால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? முரளியிடம் கலந்து பேசாமல் நேரே குணாவுக்குப் போன் செய்துவிட்டாள்.

"மடியில வெச்சுக்கலாம் மிஸ்ஸி. எல்லாரு முன்னாலயும். ஒளிஞ்சு பாக்க வேணாம்" என்றார். பையைத் திறந்து காட்டினார். ஜரிகைக் கரை வேட்டி, இன்னும் பிளாஸ்டிக் பிரிக்காதது. எப்போதும் கால்சட்டை போடுகிற ஆள். பழைய வேட்டி ஒன்றை எடுத்து வீட்டில் கட்டிப் பழகிக்கொண்டிருந்தாராம். "நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்க முன்னாலதான வேணாம்னு ஒத்துக்கிட்டேன். ஒங்கள கேக்காம போனா நல்லா இருக்காது."

நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளையில்லாதவர்கள். எங்கள் காலத்தில் செர்டாங் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றியதைத் தவிர வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அடுத்தவர் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும்போது அந்தச் சூடு எப்படி இருக்கும், திருப்பிக் கொடுத்த பிறகு மடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தபோது, போங்க குணா, நல்லா போய் உட்காருங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது கவுண்டர் பெண் கதவைத் தட்டினாள். "மிஸ்ஸி, முரளின்னு ஒருத்தரு. ஒடனே பாக்கணுமாம்."

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறது. குணாவை அந்த வழியாக அனுப்பிவிட்டு முரளியைத் தனியாக உட்காரவைக்கலாம். நம் விதியும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இவர்கள் எப்படியும் கோயிலில் ஊர் முன்னால் எதிரெதிரே நிற்கப்போகிறார்கள், அங்கே என் மேசையும் இருக்காது நானும் நடுவில் இருக்க மாட்டேன் என்று தோன்றியது. முரளி உள்ளே வரலாமா என்று குணாவிடம் கேட்டேன். தலையாட்டினார். வெளியே போய் முரளியிடம் கேட்டேன். உள்ளே யார் என்று தெரிந்ததும் அவனுக்கு வியர்த்துவிட்டது. அப்புறம், "சரி மிஸ்ஸி, பாக்கறேன்" என்றான்.

சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. உள்ளே வந்து, குணாவைப் பார்க்க முடியாமல் என்னையே பார்த்துப் பேசினான்.

"நேத்து ராத்திரிதான் மிஸ்ஸி அவ சொன்னா. வூட்டுல ஒரே சண்ட. அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். அவுரு வரட்டும். வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவுரு குடுக்கலன்னா எனக்கு புள்ள ஏது? ஆனா ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லுங்க." நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான். "அன்னிக்கு ஊசி குத்துனா பாப்பா அழும். அவுரு மடியில இருக்கும். அப்ப நான் எங்க நிக்கணும்?"

 காதுகுத்துகளுக்கு எத்தனையோ போயிருக்கிறேன். மாமனைப் பார்த்திருக்கிறேன், ஆசாரியைப் பார்த்திருக்கிறேன், அழுகிற பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். தகப்பன் எங்கே நின்றான் என்று ஒரு காதுகுத்திலும் எனக்கு ஞாபகமில்லை. மற்ற தகப்பன்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை, மொய் எழுதும் பக்கமோ சமையல் பக்கமோ ஓடிக்கொண்டிருப்பார்கள். இவனுக்கு அது விஷயம்.

குணாவின் பக்கம் திரும்பினேன். "குணா, மடியில வெச்சுட்டு, எந்திரிச்சு வந்துருவீங்களா?"

அவர் வேட்டிப் பையை நாற்காலியில் வைத்தார்.  வெளியே ரிசப்ஷனில் யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிடுவது கேட்டது.

"மாட்டேன் மிஸ்ஸி" என்றார். "மொதல்ல, ஒரு வாட்டி தூக்குனா போதும்னு நெனச்சேன். ஆனா மாமன்னு ஒக்காந்துட்டா அதோட முடியாதுலா. தீபாவளிக்குத் துணி எடுத்துக்கிட்டு வரணும். பொறந்த நாளுக்கு வரணும். நாளைக்குப் பெரிய மனுசி ஆனா சீரு கொண்டாரணும். வரலன்னா ஊரு கேக்கும், மாமன் மொறை அப்படி. வந்தா..." முரளியைக் கை காட்டினார். "ஒவ்வொரு வாட்டியும் இந்தத் தம்பி எங்க நிக்கிறதுன்னு எடம் தேடணும். ரொம்ப சூசா லா அது, கஷ்டம். நான் அனுபவிச்சிருக்கேன், ஒத்த ஆளா விசேஷத்துக்குப் போயி எங்க நிக்கிறதுன்னு தெரியாம. அவுருக்கு வேணாம்."

அப்புறம் முரளியிடம், "நான் வரல தம்பி. நீங்க கிட்டக்கயே நில்லுங்க. யாரு சொன்னாலும் நவுராதீங்க" என்றார்.

 முரளி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி எதையோ தேடி, குணாவின் கையில் கொடுத்தான். போட்டோகூட வேண்டாம் என்று என்னிடம் சொன்னவன் அவன். படத்தில் பிள்ளை இரண்டு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. குணா அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளி வைத்துப் பார்த்தார், திரும்பவும் கிட்டே கொண்டுபோனார்.

"காது ஒங்க காதுண்ணே" என்றான் முரளி.

குணாவின் கை தானாகத் தன் காதுக்குப் போனது. "கம்மல் போட்டா தெரியாது லா" என்றார்.

முரளி சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் அழுதுவிட்டான். நானும்தான். வேலை செய்கிற இடத்தில் அழக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கும் சொல்லித் தந்தார்கள்.

"ஒருநா கோயிலுக்கு முன்னாடியே பாப்பாவ இங்க கொண்டாரேண்ணே. மிஸ்ஸி ரூம்லயே தூக்கிப் பாருங்க" என்றான் முரளி. குணா போனைத் திருப்பிக் கொடுத்தார். "வேணாம் தம்பி. போதும் போதும்னு சொல்லிக்கிட்டேதான் நிக்கிறேன். தூக்கிட்டா சொல்ல வராது" என்றார். வேட்டிப் பையை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு, முன்வாசல் வழியாகவே போனார். அந்த வேட்டியை என்ன செய்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அமுதாவுக்கு என் மேல் கோபம். அன்று மத்தியானமே போன் செய்தாள். "அண்ணனுக்கு நல்ல வழி ஒன்னு வந்துச்சு, நீங்க அடைச்சிட்டீங்க மிஸ்ஸி. அவுருக்கு நாங்க வேற என்னாதான் திருப்பிக் குடுக்கறது?" என்று அழுதாள். அவள் நல்ல மனசு. கொடுத்தவருக்கு ஒரு இடம் கொடுக்க வேண்டும் என்று துடித்தாள், கையில் இருந்த ஒரே இடத்தைக் கொடுத்துவிட்டாள். பயமில்லாமல் பேசுவதற்காக வைத்த அண்ணன் முறை அது. முகம் தெரியாதவரோடு வாட்ஸ்அப்பில் பேச அது போதும், ஒரு பிள்ளையை அதன் மேல் உட்காரவைக்க முடியாது. இதை அவளுக்கு நான் ரொம்பப் பக்குவமாகச் சொல்லவில்லை. சண்டை மாதிரிதான் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அவளே வந்து, ஞாயிற்றுக்கிழமை நான் கட்டாயம் வர வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

முரளி செர்டாங்குக்குப் போய், பேச்சில்லாத அந்த மச்சானிடம் வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறான். செய்யாத தப்புக்கும் சேர்த்துக் கேட்டதாகச் சொன்னான். மச்சான் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு அப்புறம் வருகிறேன் என்றாராம்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். கொடுக்க வருகிற ஆணை, கொடுத்துவிட்டுப் போகிறவன் என்று மட்டும் பார்க்காதீர்கள். அவன் நல்லவனா கெட்டவனா என்று பார்ப்பதோடும் நிறுத்தாதீர்கள். அவனுக்கு என்ன ஏக்கம் என்று கேட்டு, அதை அவன் வாயால் சொல்லவையுங்கள். அந்த ஏக்கத்தைத் தீர்ப்பது நம் வேலை இல்லை, பல சமயம் தீர்க்கவும் முடியாது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்ட ஒரு ஆள் இருக்க வேண்டும். குணாவுக்கு நான் செய்தது அவ்வளவுதான். போதவில்லை என்று எனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். நான் பிறந்தது வேதக்காரக் குடும்பம், ஆனால் கூப்பிட்ட கோயிலுக்குப் போய்விடுவேன். பிள்ளைக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். செர்டாங் மச்சான் தொப்பையும் பட்டு வேட்டியுமாக உட்கார்ந்து, பிள்ளையைப் பிடிக்கத் தெரியாமல் வியர்த்துக்கொண்டிருந்தார். ஆசாரி ஊசியை எடுத்தார். முரளி மச்சான் தோளை இடித்துக்கொண்டு குந்தியிருந்தான். கொஞ்சம் தள்ளு, போட்டோ எடுக்கணும் என்று யாரோ சொன்னார்கள். தள்ளவில்லை.

பந்தி ஆரம்பிக்கும் நேரத்தில் என் போன் அடித்தது. குணா. பின்னால் லோரிகளின் சத்தம் கேட்டது. செம்பனை மில்லில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார் போலிருக்கிறது.

"ஆயிருச்சா மிஸ்ஸி?"

"ஆயிருச்சு."

"அழுதுச்சா?"

"ரொம்ப. கோயிலே கேட்டுச்சு."

"யாரு தூக்குனா?"

"மாமன்தான் ஆட்டி ஆட்டிப் பாத்தாரு. அடங்கல. கைய நீட்டி அவுங்க அப்பாகிட்ட தாவிருச்சு. போனதும் கழுத்தக் கட்டிக்கிட்டு நிப்பாட்டிருச்சு."

வரிசை நகர்ந்தது போலிருக்கிறது, எஞ்சின் உறுமியது.

"ஒடனேவா மிஸ்ஸி?"

"ஒடனே."

"அப்ப நல்ல எடத்துலதான் குடுத்திருக்கேன்" என்றார் குணா. போனை வைத்துவிட்டார்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன்கள் சொல்லித்தான் அந்த வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அமுதா இலை போட்டுவிட்டு என்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.